மழை பொய்த்த ஆண்டும் மரம் செத்த ஆண்டும்

(நமது குடியிருப்பு நலச்சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில், ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியரான நம் குடியிருப்பாளர் ஒருவர் ஆற்றிய உரை. கூட்டத்துக்கு வர இயலாதவர்களுக்காக இங்கே எழுத்து வடிவில் தருகிறோம். கடைசியில் கேள்வி பதிலும் உள்ளது.)



லிஃப்ட் பராமரிப்பு, பார்க்கிங், போர்வெல் மோட்டார் என்று பேச வேண்டியவை வரிசையாகக் காத்திருக்கும்போது, காட்டு மரங்களைப் பற்றிப் பேச எனக்கு அரை மணி நேரம் ஒதுக்கிய செயலாளருக்கு முதலில் நன்றி. அறிவிப்பைப் பார்த்துவிட்டு நம் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர், "தஞ்சாவூரில் காடு எங்கே சார் இருக்கு?" என்று கேட்டிருந்தார். நியாயமான கேள்விதான். நம்முடையது வயல் நாடு. இங்கே பிறந்து வளர்ந்தவர்களுக்குக் காடு என்றால் சவுக்குத் தோப்பு, இல்லாவிட்டால் கருவேலம் மண்டிய ஏரிக்கரை.

ஆனால் நம் ஆற்றுக்கு இரண்டு முனை இருக்கிறது. இரண்டு முனையிலும் காடு இருக்கிறது. மேல் முனையில் குடகு, வயநாடு, நீலகிரி மலைக்காடுகள். கீழ் முனையில் முத்துப்பேட்டை அலையாத்திக் காடு. மேலே உள்ளது நமக்குத் தண்ணீரைப் பிடித்து வைத்து அனுப்புகிறது. கீழே உள்ளது கடலை நம் பக்கம் வராமல் தடுத்து நிற்கிறது. நடுவில் வயலையும் தோப்பையும் வைத்துக்கொண்டு நாம் உட்கார்ந்திருக்கிறோம். இந்த இரண்டு முனையிலும் மரங்கள் எப்படிச் சாகின்றன, வெயில் கூடுவதற்கும் அதற்கும் என்ன தொடர்பு என்பதுதான் இன்றைக்கு நான் பேசப்போவது.

முதலில் ஒரு மரம் எப்படித் தண்ணீர் குடிக்கிறது என்று பார்ப்போம். மரத்துக்கு மோட்டார் கிடையாது. நாம் இளநீரை ஸ்ட்ரா போட்டு உறிஞ்சுகிறோம் இல்லையா, அதே வேலையைத்தான் இலை செய்கிறது. இலையில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு. அதன் வழியாக நீர் ஆவியாகிக் காற்றில் போகப்போக, கீழேயிருந்து அடுத்த நீர் மேலே இழுபடுகிறது. வேரிலிருந்து உச்சி இலை வரை அறுபடாத ஒரு நீர்க்கயிறு. நூறடி உயர மரத்திலும் இப்படித்தான்.

இளநீர் தீரும் நேரத்தில் ஸ்ட்ராவில் 'களக் களக்' என்று காற்று வரும். எவ்வளவு உறிஞ்சினாலும் பிறகு இளநீர் ஏறாது. மண் காய்ந்துபோய், மேலே காற்று மட்டும் பலமாக இழுத்துக்கொண்டே இருந்தால், மரத்தின் குழாய்களுக்குள்ளும் இதே கதை. நீர்க்கயிறு அறுந்து உள்ளே காற்றுக் குமிழி புகுந்துவிடும். அந்தக் குழாய் அதோடு சரி. பத்துக் குழாய் போனால் மரம் தாங்கும். பாதிக்குமேல் போனால், அதற்குப் பிறகு நல்ல மழை பெய்தாலும் அந்தக் கிளைக்குத் தண்ணீர் ஏற வழி இருக்காது.

இதைத் தவிர்க்க மரம் ஒரு காரியம் செய்யும். இலைத்துளைகளை மூடிக்கொள்ளும். தண்ணீர் மிச்சமாகும். ஆனால் அதே துளை வழியாகத்தான் கரியமில வாயு உள்ளே போக வேண்டும். அது போகாவிட்டால் சமையல் நடக்காது. வருமானம் நின்றுவிட்டது, உயிரோடு இருப்பதற்கான செலவு மட்டும் ஓடுகிறது. கொரோனா நேரத்தில் ஷட்டரை இறக்கிவிட்டு வாடகையும் கரண்ட் பில்லும் கட்டிக்கொண்டிருந்த கடைக்காரர்களை நினைத்துக்கொள்ளுங்கள். வெயில் கூடக்கூட மரத்தின் மூச்சுச் செலவும் கூடும். சேமிப்பில் உள்ள மாவுச்சத்து கரையும். அந்த நிலையில் வண்டு வந்தால் எதிர்க்கப் பிசின் சுரக்காது, பூஞ்சை வந்தால் தடுக்கத் தெம்பு இருக்காது. நாம் பார்க்கும்போது வண்டு ஓட்டை போட்டிருக்கும், "வண்டு விழுந்து செத்தது" என்று எழுதிவிடுவோம்.

இதில் புவி வெப்பமாவது எங்கே வருகிறது? மொட்டை மாடியில் துணி காயப்போடும் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். வெயில் நாளில் துணி சீக்கிரம் காய்கிறது. சூடான காற்றுக்கு நீராவியைத் தாங்கும் கொள்ளளவு அதிகம். ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 7 சதவீதம் கூடுகிறது. அதாவது காற்றுக்கே தாகம் கூடுகிறது. கணக்காகவே சொல்கிறேன். 35 டிகிரி, ஈரப்பதம் 50 சதவீதம் உள்ள ஒரு பிற்பகலை எடுத்துக்கொள்வோம். காற்றில் உள்ள நீராவி அப்படியே இருக்க, வெப்பம் மட்டும் 37 ஆனால், இலையிலிருந்து நீரை இழுக்கும் அந்த வலு 20 சதவீதத்துக்கும் மேல் கூடிவிடுகிறது. நமக்கு ஃபேனை ஒரு புள்ளி கூட்டி வைக்கும் வித்தியாசம். மரத்துக்கு அதே மழையில், அதே மண்ணில், ஐந்தில் ஒரு பங்குக்கும் மேலான கூடுதல் செலவு.

இந்தியாவின் சராசரி வெப்பம் 1901 முதல் 2018 வரையிலான காலத்தில் சுமார் 0.7 டிகிரி உயர்ந்திருக்கிறது என்று 2020-இல் மத்திய புவி அறிவியல் அமைச்சகம் வெளியிட்ட மதிப்பீடு சொல்கிறது. "இவ்வளவுதானா?" என்று தோன்றும். இது நாடு முழுவதற்கும், ஆண்டு முழுவதற்கும், இரவு பகல் சேர்த்து எடுத்த சராசரி. மரம் சராசரியில் சாவதில்லை. மழை பொய்த்த ஆண்டின் சித்திரை வைகாசியில் சாகிறது.

வறட்சி ஒரு பக்கம், வெப்பம் ஒரு பக்கம். எது கொல்கிறது என்று எப்படிப் பிரித்துச் சொல்வது? அமெரிக்காவில் அரிசோனா மாநிலத்தில் 'பயோஸ்ஃபியர் 2' என்று ஒரு பெரிய கண்ணாடி மாளிகை இருக்கிறது. அதற்குள் பின்யோன் என்ற ஒருவகைப் பைன் மரங்களைக் கொண்டுவந்து இரண்டு பிரிவாக வைத்தார்கள். ஒரு பிரிவு சாதாரண வெப்பத்தில். மற்றது 4 டிகிரி கூடுதலாக. இரண்டு பிரிவிலும் சில மரங்களுக்குத் தண்ணீரை அடியோடு நிறுத்தினார்கள். சூட்டில் நின்றவை கிட்டத்தட்ட 30 சதவீதம் முன்னதாகவே செத்தன. 2009-இல் இதன் முடிவு வெளிவந்தது. வறட்சி ஒன்றுதான், வெப்பம்தான் வேறு.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது, அதைத் தவறவிடக் கூடாது. நீண்ட வறட்சி எப்போதாவதுதான் வரும். குறுகிய வறட்சி அடிக்கடி வரும். பத்து மாதம் தண்ணீரில்லாமல் தாங்கிய மரம் இப்போது ஏழு மாதம்தான் தாங்கும் என்றால், முன்பு 'பரவாயில்லை' என்று கடந்துபோன சின்ன வறட்சிகளும் இனிமேல் கொல்லும் வறட்சிகளாகிவிடுகின்றன. மழையின் அளவு ஒரு சொட்டுகூடக் குறைய வேண்டியதில்லை. கலிஃபோர்னியாவில் 2012 முதல் 2016 வரை நீடித்த வறட்சியையும் சேர்த்து, 2010-லிருந்து 2017 வரை சுமார் 12.9 கோடி மரங்கள் செத்ததாக அந்நாட்டு வனத்துறை கணக்குச் சொன்னது. அங்கே கடைசி அடி அடித்தது பட்டை வண்டு.

சரி, நம் பக்கம் வருவோம்.

நீலகிரிக்குக் கீழே முதுமலையை எல்லோரும் பார்த்திருப்பீர்கள், குறைந்தபட்சம் ஊட்டி போகும்போது யானை முகாமில் இறங்கியிருப்பீர்கள். அந்தக் காட்டின் ஓரமாக ஓடும் மாயாறு பவானிசாகரில் பவானியோடு சேர்ந்து, பவானி கூடுதுறையில் காவிரியில் கலக்கிறது. மேட்டூருக்குக் கீழே சேரும் தண்ணீர் அது. ஆக, முதுமலைக் காடும் நம் ஆற்றின் சொந்தக்காரன்தான்.

அந்தக் காட்டில் 1988-இல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த பேராசிரியர் சுகுமாரும் அவர் குழுவினரும் ஒரு வேலையைத் தொடங்கினார்கள். யானை ஆய்வுக்காக உலகம் அறிந்தவர் அவர். 50 ஹெக்டேர் இடத்தை அளந்து, அதற்குள் ஒரு சென்டிமீட்டர் பருமனுக்கு மேலுள்ள ஒவ்வொரு தண்டுக்கும் எண் பொறித்த தகடு கட்டினார்கள். தொடங்கியபோது சுமார் 25,000 தண்டுகள். தேக்கு, வெக்காலி, கருமருது என்று எல்லாம் கலந்த இலையுதிர் காடு. அன்றிலிருந்து ஆண்டுதோறும் போய் எது உயிரோடு இருக்கிறது, எது செத்தது, எதனால் செத்தது என்று பதிவு செய்கிறார்கள். இன்றைக்கு மழை பெய்தால் நாளைக்குப் பலன் கேட்கும் காலத்தில், முப்பது ஆண்டுக்கு மேலாக மரங்களுக்கு 'வருகைப் பதிவு' எடுப்பது சாதாரண வேலை இல்லை. நான் ஆசிரியராக இருந்தவன், அந்தச் சலிப்பு எனக்குத் தெரியும்.

சின்னத் தண்டுகள் சாவதற்கு அங்கே முக்கியக் காரணம் காட்டுத்தீயும் யானையும். இது எதிர்பார்த்ததுதான். எனக்கு வியப்பளித்தது பெரிய மரங்களின் கதை. மழை குறைந்த ஆண்டுக்கும் மரம் செத்த ஆண்டுக்கும் இடையில் இரண்டு மூன்று ஆண்டு இடைவெளி விழுகிறது. 2000-த்தின் தொடக்கத்தில் அங்கே தொடர்ச்சியாக மழை குறைந்தது. பெரிய மரம் வேர் ஆழமுள்ளது, சேமிப்பு உள்ளது. முதல் ஆண்டு தாங்கும். இரண்டாம் ஆண்டு துளிர் குறையும். அதன்பிறகு, சில நேரம் நல்ல மழை பெய்துகொண்டிருக்கும்போதே, பட்டுப்போகும். பார்ப்பவர், "மழைதான் பெய்யுதே, இது ஏன் காஞ்சுபோச்சு?" என்பார்.

வயலோடு ஒப்பிட்டால் இதன் கஷ்டம் புரியும். சம்பா கருகினால் அந்த மாதமே தெரியும். வி.ஏ.ஓ. வருவார், அடங்கலில் ஏறும், இன்சூரன்ஸ் கேட்போம், கலெக்டர் ஆபீஸ் வாசலில் உட்காருவோம். காட்டு மரத்துக்கு அடங்கல் கிடையாது. 2016 வடகிழக்குப் பருவமழை தமிழகத்தில் வழக்கத்தைவிட 62 சதவீதம் குறைந்தது. 2017 ஜனவரியில் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவை என்று அரசு அறிவித்தது. பயிருக்கு நிவாரணம் கணக்குப் போட்டாகிவிட்டது, வரவிலும் வைத்தாகிவிட்டது. அந்த வறட்சிக்கு மரங்கள் கொடுத்த விலை அதற்கு அடுத்தடுத்த ஆண்டுகளில்தான் வெளியே வந்திருக்கும். அதை எந்த வறட்சியின் கணக்கில் யார் எழுதுவது?

இப்போது ஆற்றின் கீழ் முனை.

கல்லணையில் பிரியும் வெண்ணாறு, நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் மூணாறு தலைப்பில் வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று மூன்றாகப் பிரிகிறது. கோரையாறும் பாமணியாறும் வயல்களுக்கெல்லாம் பாய்ந்து, மிஞ்சியதைக் கொண்டுபோய் முத்துப்பேட்டை உப்பங்கழியில் விடுகின்றன. 'மிஞ்சியதை' என்ற சொல்லைக் கவனிக்க வேண்டுகிறேன். சுமார் 12,000 ஹெக்டேர் பரப்புள்ள அந்த அலையாத்திக் காட்டுப் பகுதிக்குப் பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகை மழை வெள்ளம்தான் நல்ல தண்ணீர். மற்ற மாதங்களில் கடல்நீர். வெயில் ஏறஏற அந்த நீரும் வற்றி, மண்ணில் உப்பு ஏறும்.

கடல் ஓர மரத்துக்கு உப்பு பழக்கம்தானே என்பார்கள். பழக்கம்தான், அளவுக்கு உட்பட்டு. அங்கே இன்று பெருவாரியாக இருப்பது வெண்கண்டல் என்கிற ஒரே இனம். உறிஞ்சிய உப்பை இலை வழியாக வெளியே கசியவிடும் திறன் அதற்கு உண்டு; இலையை நக்கிப் பார்த்தால் கரிக்கும். சுரபுன்னை அங்கே மிகக் குறைவு. ஒரு காட்டில் மிகவும் முரடான இனம் மட்டுமே மிஞ்சி நிற்கிறது என்றால், அந்த இடம் எவ்வளவு கடுமையானதாக மாறியிருக்கிறது என்பதற்கு வேறு சான்று தேவையில்லை. உப்பு நிறைந்த மண்ணில் தண்ணீர் இருந்தும் வேரால் இழுக்க முடியாது. கடல் நடுவே தாகம் என்று சொல்வது மரத்துக்கும் பொருந்தும்.

மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12-இல் திறக்க வேண்டும். 2012 தொடங்கி 2019 வரை எட்டு ஆண்டுகள் ஒரு முறைகூட அந்தத் தேதியில் திறக்கவில்லை. 2016-இல் செப்டம்பர் 20, 2017-இல் அக்டோபர் 2. குறுவை போனதைப் பற்றி நாம் பேசினோம், பேச வேண்டியதுதான். ஆனால் வயலுக்கே போதாதபோது கடைமடை தாண்டி அலையாத்திக்கு என்ன போயிருக்கும்? 'கடலில் வீணாகக் கலக்கும் தண்ணீர்' என்று நாம் எல்லோரும் பழக்கத்தில் சொல்கிறோம். அந்த வீண் தண்ணீரைக் குடித்து வாழும் காடு ஒன்று இருக்கிறது.

வெப்பமும் தண்ணீர்க் குறைவும் சேர்ந்தால் வெண்கண்டல் எப்படிச் சாகும் என்பதற்கு உலகம் பார்த்த உதாரணம் ஆஸ்திரேலியாவில் இருக்கிறது. 2015 கடைசியில், வடக்கே கார்பென்டாரியா வளைகுடாவில், ஆயிரம் கிலோமீட்டருக்கும் அதிகமான கடற்கரையில் 7,000 ஹெக்டேருக்கு மேல் அலையாத்திக் காடு சில மாதங்களில் பட்டுப்போனது. புயல் இல்லை, எண்ணெய்க் கசிவு இல்லை, யாரும் வெட்டவில்லை. மழை குறைவு, கடும் வெப்பம், எல் நினோவால் கடல் மட்டமே தற்காலிகமாகத் தாழ்ந்து மரங்களின் காலடிக்கு அலை எட்டாமல் போனது, இவை மூன்றும் ஒரே நேரத்தில் கூடின. செத்ததில் பெரும்பகுதி நம் முத்துப்பேட்டையில் உள்ள அதே வெண்கண்டல் இனம். அங்கே நடந்தது இங்கே அப்படியே நடக்கும் என்று நான் சொல்லவில்லை. நம் கடற்கரை வேறு, மழைக்காலம் வேறு. அந்த முரட்டு மரத்துக்கும் ஒரு எல்லை உண்டு என்பதற்காகச் சொல்கிறேன்.

இதற்கு மாறாக, மனம் ஆறும்படி ஒரு செய்தியும் முத்துப்பேட்டையில் இருக்கிறது. போன நூற்றாண்டில் நெடுங்காலம் அங்கே கூப்புப் போட்டு விறகுக்காக மொத்தமாக வெட்டினார்கள். வெட்டிய இடம் வெயிலுக்குத் திறந்துகிடந்தது. ஈரம் ஆவியாகி மண் தாழ்ந்து, தொட்டிபோல் ஆனது. ஓதத்தில் உள்ளே வந்த கடல்நீர் வெளியேற வழியில்லாமல் தேங்கி, காய்ந்து, உப்பு படிந்தது. விதை விழுந்தாலும் முளைக்கவில்லை. "மக்கள் ஆடு மாடு மேய்த்து அழித்துவிட்டார்கள்" என்றுதான் பலகாலம் நினைத்தார்கள். 1990-களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், நம் கும்பகோணத்தில் பிறந்தவர் தொடங்கியதுதான், வனத்துறையோடு சேர்ந்து இதை ஆராய்ந்து, நடுவில் ஒரு பெரிய வாய்க்கால், இருபுறமும் சாய்வாகக் கிளை வாய்க்கால்கள் என்று மீன் முள்போல வெட்டியது. ஓதம் உள்ளே வந்து வெளியே போகத் தொடங்கியது. உப்பு கழுவப்பட்டது. காடு திரும்பியது.

மரம் நடுவதைவிட, தண்ணீர் வந்துபோகும் வழியைத் திறந்துவிட்டதுதான் அங்கே வேலை செய்தது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கொஞ்ச நேரத்தில் நம் காம்பவுண்டுக்கு வருகிறேன்.

2018 நவம்பர் 16 விடியற்காலை. அந்த இரவை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டோம். நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறிய கஜா, முத்துப்பேட்டைக் காட்டையும் உரித்துப்போட்டது. கஜாவை வெப்பமாதல்தான் உண்டாக்கியது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஒரு தனிப் புயலுக்கு அப்படிப் பெயர் எழுத முடியாது. கடல் சூடானால் உருவாகும் புயல்களில் கடுமையானவற்றின் பங்கு கூடும் என்பதுதான் அறிவியல் சொல்வது. நான் கவலைப்படுவது புயலுக்கு அடுத்த மாதங்களைப் பற்றி. கிளை ஒடிந்து இலை உதிர்ந்த வெண்கண்டல் மீண்டும் துளிர்விடக் கூடியது. துளிர்விட நல்ல தண்ணீர் வேண்டும், சேமிப்பில் மாவுச்சத்து வேண்டும். அந்த ஆண்டும் தமிழகத்தில் வடகிழக்குப் பருவமழை வழக்கத்தைவிடக் குறைவு. முந்தைய ஆண்டுகளின் வறட்சியில் சேமிப்பைத் தின்றுவிட்ட மரம், இலையையும் இழந்து, அடுத்த கோடையைச் சந்திக்கிறது. நோயிலிருந்து எழுந்த மறுநாளே அறுவடைக்குப் போகச் சொன்ன மாதிரி.

பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு பக்கம் லட்சக்கணக்கில் விழுந்த தென்னையைப் பற்றி நான் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. இங்கே இருப்பவர்களில் பாதிப் பேருக்கு அங்கே தோப்பு இருந்தது. தென்னை காட்டு மரம் இல்லைதான், ஆனாலும் அது பாடம் சொல்கிறது. தென்னையில் ஒரு கொடிய நோய்க்கு நம் ஊர்ப் பெயரே வைத்திருக்கிறார்கள்: தஞ்சாவூர் வாடல் நோய். 1952 புயலுக்குப் பின் நம் மாவட்டத்தில் கவனிக்கப்பட்டதால் அந்தப் பெயர். கனோடெர்மா என்ற பூஞ்சை வேரை அழுக வைக்கும். அடிமரத்திலிருந்து செம்பழுப்பு நிறத்தில் சாறு வடியும். மணற்பாங்கான நிலத்தில், பராமரிப்பில்லாத தோப்பில், கோடையில் தண்ணீர் காட்டாத மரத்தில்தான் அது வேகமாகப் பரவும். பூஞ்சை எப்போதும் மண்ணில் இருக்கிறது. மரம் எப்போது தளரும் என்று காத்திருக்கிறது. முதுமலைத் தேக்கு, முத்துப்பேட்டை வெண்கண்டல், பட்டுக்கோட்டைத் தென்னை, மூன்றுக்கும் கதை ஒன்றுதான்: தாகம் முதலில் தளர்த்துகிறது, வேறு ஏதோ ஒன்று வந்து கணக்கை முடிக்கிறது.

இப்போது நம் காம்பவுண்டு. இன்றைய நிகழ்ச்சி நிரலில் ஏழாவது பொருளாக, மீதமுள்ள மண் தரை முழுவதும் பேவர் பிளாக் போடுவது என்று இருக்கிறது. சேறு, கொசு, வயதானவர்கள் வழுக்கி விழும் அபாயம், எல்லாம் உண்மை. நானும் அறுபத்தெட்டு வயதுக்காரன். நடைபாதைக்குப் போடுவதை நான் எதிர்க்கவில்லை. ஆனால் நுழைவாயிலில் உள்ள நான்கு புங்கன்களையும் பின்புற வேம்பையும் சுற்றி அடிமரம் வரை கல் பதிக்க மதிப்பீட்டில் இடம் இருக்கிறது. அப்படிச் செய்தால் நாளைக்கே ஒன்றும் ஆகாது. அடுத்த ஆண்டும் ஆகாது. மூன்றாம் ஆண்டு கோடையில் ஒரு புங்கன் காயும், அப்போது இந்தக் கல்லை யாரும் சந்தேகப்பட மாட்டோம். வெயில் அதிகம், இல்லாவிட்டால் பூச்சி என்போம்.

அதனால் என் வேண்டுகோள் இது. ஒவ்வொரு மரத்தைச் சுற்றியும் ஆறடிக்கு ஆறடி மண்ணாகவே விடுவோம், அதில் காய்ந்த இலையைக் கூட்டி எரிக்காமல் மூடாக்காகப் போடுவோம். 2003-இல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானபோது வந்த சட்டப்படி நம் மாடியிலிருந்து இறங்கும் குழாய் நேராகக் கிணற்றுக் குழிக்குப் போகிறது. குழி நிரம்பி வழிவது இப்போது தெருச் சாக்கடைக்குத்தான். அந்த வழியும் தண்ணீரை மரத்தடி மண்ணுக்குத் திருப்ப இரண்டு வளைவுக் குழாய் போதும், பிளம்பரிடம் கேட்டுவிட்டேன். சுதந்திர தினத்துக்கு நடும் கன்றுகளையும் புரட்டாசிக் கடைசிக்குத் தள்ளிவைத்தால், முதல் நான்கு மாதம் மழையே பார்த்துக்கொள்ளும். ஃபோட்டோவுக்குக் கொடி இருக்காது, கன்று இருக்கும்.

கேள்வி நேரம்

முதல் மாடி அம்மா ஒருவர்: "போன வருஷம் நம்ம வேப்பமரம் கொழுந்தெல்லாம் கருகிப்போய் நின்னுச்சு. அதுவும் இந்த வெயிலால்தானா?"

பதில்: இல்லைம்மா, அதை நேரடியாக வெயில் தலையில் போட முடியாது. சில ஆண்டுகளாகத் தெலங்கானாவிலும் மற்ற தென் மாநிலங்களிலும் வேப்பமரங்களுக்கு வரும் நுனிக்கருகல் அது. போமாப்சிஸ் என்ற பூஞ்சையும், தேயிலைக் கொசு என்ற பூச்சியும் காரணம். பெரும்பாலும் மழைக்காலத்தை ஒட்டி வரும். பார்க்கப் பயமாக இருந்தாலும் நிறைய மரங்கள் கோடையில் மறுபடி துளிர்த்துவிடுகின்றன, நம்முடையதும் துளிர்த்தது. செத்தது என்று நினைத்து வெட்டிவிடக் கூடாது, அவ்வளவுதான். எல்லாவற்றுக்கும் காலநிலையைக் காரணம் சொன்னால், உண்மையில் அது காரணமாக இருக்கும் இடத்தில் நம்மை யாரும் நம்ப மாட்டார்கள்.

பி பிளாக் நண்பர்: "அப்போ காவிரித் தண்ணீரைக் கடலுக்கு விடணும்னு சொல்றீங்களா சார்? விவசாயிக்கே இல்லையே."

பதில்: விவசாயி வயிற்றிலிருந்து பிடுங்கி அலையாத்திக்குக் கொடுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். என் அண்ணன் மகன் இன்றைக்கும் மன்னார்குடிப் பக்கம் சம்பா நடுகிறான். ஆனால் ஆறு என்றால் அதன் வாய் வரை ஆறுதான். கடைமடை வாய்க்காலும் வடிகாலும் தூர்வாரி இருந்தால் ஐப்பசி வெள்ளம் ஊருக்குள் நிற்காமல் உப்பங்கழிக்குப் போய்ச் சேரும். விவசாயிக்கும் அதுதான் வேண்டும். இந்த ஒரு விஷயத்தில் வயலும் காடும் கேட்பது ஒரே மண்வெட்டியைத்தான். முத்துப்பேட்டையைப் பார்க்காதவர்கள் தை, மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்வரலாம், ஜாம்புவானோடையிலிருந்து படகு போகிறது, வனத்துறை அனுமதி வேண்டும். வேன் ஏற்பாடு செய்யச் சங்கம் தயார் என்றால் நான் கூட வருகிறேன்.

சி பிளாக் தம்பி: "நம்ம ஜெனரேட்டர் ரூம் பக்கத்துத் தென்னையில் அடியில் சிவப்பாக ஏதோ வடியுதே சார்?"

பதில்: அதை இன்று காலைதான் பார்த்தேன். வாடல் நோயாக இருக்கலாம், சிவப்புக் கூன்வண்டாகவும் இருக்கலாம், தள்ளி நின்று சொல்லக் கூடாது. பட்டுக்கோட்டைக்குப் பக்கத்தில் வேப்பங்குளத்தில் தென்னை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. சாறு வடியும் இடம், அடிமரம், ஓலை மூன்றையும் ஃபோட்டோ எடுத்து அங்கே காட்டிக் கேட்போம். அதுவரை அந்த மரத்தடியில் தண்ணீரைத் தேங்கவிடாமல், ஆனால் காயவும் விடாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். பக்கத்திலேயே மண்ணைத் தோண்டி வேரை அறுத்துவிட வேண்டாம். ஜெனரேட்டர் கேபிளுக்குப் பள்ளம் எடுக்கும் வேலை வரும் வாரம் என்று கேள்விப்பட்டேன், அதை எதிர்ப்பக்கமாக எடுக்க முடியுமா என்று செயலாளர் சார் எலக்ட்ரீஷியனிடம் கேட்டுச் சொன்னால் நல்லது.